பதினோரு நாள் நிம்மதி

இனிமேல் கவலைப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். புரட்டாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. வாய் கொப்பளித்து முடிப்பதற்குள், இந்த முடிவை என்னால் காப்பாற்ற முடியுமா என்ற கவலை வந்துவிட்டது.

என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தாறு. கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த கால்கள். மிளகுப் பொதியோடு சேந்தமங்கலம் இறங்கி, உப்பு மூட்டையோடு அன்றைக்கே திரும்பி ஏறச் சொன்னாலும் ஏறும். கால்களில் குறையில்லை. குறையெல்லாம் இடுப்புக்கு மேலே. நெஞ்சு காரணமில்லாமல் அடித்துக்கொள்ளும். இடது கண்ணிமை துடிக்கும். சாப்பிட உட்கார்ந்தால் களி உருண்டை தொண்டையில் நின்று யோசிக்கும். சேவல் கூவி நான் எழுந்த காலம் போய், நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சேவல் கூவுகிற காலம் வந்துவிட்டது.

அது சண்டைக் காலம். சப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான் என்று உப்பு வியாபாரி ஒருவன் வந்து சொன்னான். அவன் உப்பையும் இறக்கினான், சப்பான்காரனையும் என் தலையில் இறக்கினான். வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து வானத்தில் பருந்து வட்டமிட்டால்கூட நான் பலாமரத்தடிக்குப் போய்விடுவேன். நம் அடுப்புப் புகையை வைத்து ஊரை அடையாளம் கண்டுகொள்வானே, காலையில் அடுப்பு மூட்டாமல் இருந்தால் என்ன என்று என் மனைவி அத்தாயியிடம் கேட்டேன். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தபால்காரனுக்கே நம்ம ஊருக்கு வழி தெரியாதுங்க. சப்பான்காரனுக்கு ஆரு சொல்லுவாங்க?"

அத்தாயி அப்படித்தான். நான் நாளெல்லாம் சுமந்து திரிகிற ஒன்றை முறத்தின் ஒரு தட்டில் பதராகப் பறக்கவிட்டுவிடுவாள்.

சப்பான்காரனையாவது அவளிடம் சொல்ல முடிந்தது. அவளிடம் சொல்லவே முடியாத கவலை ஒன்று இருந்தது. அதுதான் பெரியது. மற்றவை எல்லாம் அதன் மேல் முளைத்த காளான்கள்.

தேவனூர் நாட்டில் என் அக்கா மாதம்மாள் இருக்கிறாள்; எங்கள் மலையில் ஊர்க்கூட்டம் ஒவ்வொன்றுக்கும் நாடு என்று பேர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அக்காதான் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளுக்கும் அப்போது ஒன்பது வயதுதான். என் பாரத்தில் அவள் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, இன்றும் கொஞ்சம் சாய்ந்தே நடக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. போன வருஷம் கோயில் திருவிழாவில் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பாயியைத் தன் மகன் சின்னராசுக்குத் தரவேண்டும் என்று கேட்டாள். பாப்பாயி என் ஒரே மகள். சின்னராசு நல்ல பையன். நான் "பார்க்கலாமக்கா" என்று சொன்னேன். கூட்டத்தில் மேளச் சத்தம் வேறு. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே என் இமை துடிக்க ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மறுநாள் அத்தாயி என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். "பாப்பாயிக்கு மனசில்லீங்க. அக்காகிட்டச் சொல்லீருங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. மற்ற வீடுகளில் மனைவி ஓயாமல் பேசுகிறாள் என்று கணவன் அழுவான். என் மனைவி பேசாததைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது வலித்தது.

மூன்று முறை தேவனூர் நாட்டுக்குக் கிளம்பினேன். முதல் முறை அக்காவின் பசு கன்று போட்டிருந்தது; சீம்பால் தின்றுவிட்டு வந்தேன். இரண்டாம் முறை அவள் வீட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து நன்றாக யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இல்லை என்றால் அக்காவின் மனது உடையும். சரி என்றால் மகளின் மனது உடையும். எதுவும் சொல்லாமல் இருந்தால் ஒருவர் மனதும் உடையாது. அப்படி ஒரு வருஷம் நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். நெஞ்சு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்தது.

சேந்தமங்கலத்தில் ஜாபர் உசேன் என்று ஒரு யுனானி வைத்தியர் இருந்தார். கீழே இறங்கியபோது அவரிடம் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"நாடி நல்லா இருக்குது. ஆளுதான் நல்லா இல்லை" என்றார்.

மருந்து கேட்டேன். கவலைக்கு லேகியம் கிண்டத் தெரிந்திருந்தால் முதல் உருண்டையை நானே விழுங்கியிருப்பேன் என்றார். பிறகு என்ன கவலை என்று கேட்டார். சப்பான்காரனில் தொடங்கி அக்காவில் முடித்தேன். கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். நாளெல்லாம் மனிதர் முகம் பார்க்காத ஓர் உயரமான இடத்தில், நல்ல காற்றில், கொஞ்ச நாள் உட்கார வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். எது கண்ணில் பட்டாலும் இது என் கவலை இல்லை என்று விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "உங்களால ஆகாத காரியத்தை ஆகறவங்க கையில உட்டுருங்க" என்றார்.

மலையேறும்போதே எனக்கு யோசனை தோன்றிவிட்டது. உயரமான இடம். மனித முகம் இல்லாத இடம். நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் இடம். தினைக்காட்டுப் பரண்.

எங்கள் பக்கத்தில் பயிர்க் காவல் இரண்டு வகை. இருட்டினால் காட்டுப்பன்றி; அதற்கு ஆண்கள் பரண் ஏறுவார்கள். பகலில் கிளி; அதற்குப் பெண்கள். நான்கு கால் நட்டு, மேலே மூங்கில் பரப்பி, தகரமும் கவணும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பொழுது சாயும்வரை இறங்கக் கூடாது. இதில் ஊரே கண்டிப்பு. கிளிகள் எங்கேயோ இலைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பரண் காலியானால் போதும், கூட்டமாக இறங்கிச் சுற்றியிருக்கும் எல்லார் காட்டையும் வழித்துவிடும். அதனால் காவலில் இருக்கிறவரைச் சாவுக்கு மட்டும்தான் கூப்பிடலாம். வேறு நல்லது கெட்டது எதுவானாலும் அவர் இல்லாமலே நடக்கும்.

எங்கள் தினைக்காட்டுக்குப் பாப்பாயிதான் போய்க்கொண்டிருந்தாள். அவளை நிறுத்திவிட்டு நான் ஏறினால்? வைத்தியர் சொன்னபடியும் ஆயிற்று. அத்தாயியின் மௌனத்திலிருந்தும் தப்பித்தாயிற்று. அக்கா வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவும் முடியாது. காவல்காரன் எங்கே போக முடியும்?

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"நாளையில இருந்து தினைக்காட்டுக்கு நான் போறேன்."

"எதுக்குங்க?"

"கிளி ஓட்ட."

அத்தாயி அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "வேண்டாமுங்க. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வைத்தியர் சொல்லியிருக்காரு."

"பொழுதன்னிக்கும் ஒரே எடத்துல உக்காரோணும். உங்களால ஆகாதுங்க."

"ஆகும்."

"மூணாம் நாளு எறங்கி வந்துருவீங்க."

"அறுப்பு வரைக்கும் எறங்க மாட்டேன். என்ன சொல்றே?"

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "சொன்னாக் கேக்கவா போறீங்க" என்று மறுபடியும் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் வென்ற முதல் வழக்கு அது. இரண்டு உருண்டை களி அதிகமாகச் சாப்பிட்டேன். தொண்டையில் எதுவும் நிற்கவில்லை.

முதல் நாள் பரணில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை எண்ணினேன். தொண்ணூற்றாறில் ஏதோ சலசலப்பு. கண்ணைத் திறந்தால் காடே பச்சையாக ஆடுகிறது, இருநூறு கிளி. தகரத்தைத் தட்டினேன், கவணை வீசினேன், கத்தினேன். அடுத்த காட்டுப் பரணிலிருந்த பெண் என்னைப் பார்த்து, "ஏனுங் மாமா, பொடவை கட்டிட்டு வல்லீங்களா?" என்று கேட்டாள். அந்த வரிசையில் இருந்த எல்லாப் பரண்களும் சிரித்தன. கிளிகளும் சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது.

இரண்டாம் நாள் கண்ணைத் திறந்துகொண்டே எண்ணினேன். மூன்றாம் நாள் இறங்கிவிடலாம் போலக் கால்கள் குறுகுறுத்தன. பரணின் கால் செல்லரித்திருக்கிறதோ? மாட்டைக் கட்டினார்களா? மிளகுக்கொடிக்கு இந்த மழை கூடுதலோ? அக்கா இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மூங்கில் கிறீச்சிட்ட சத்தத்தில் கிளிகளே பயந்து போய்விட்டன. ஆனால் இறங்கவில்லை. மூன்றாம் நாள் என்று அவள் சொல்லியிருந்தாளே.

ஐந்தாம் நாள் ஏதோ நடந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, காட்டைத் தொட்டு, நின்று, வந்த வழியே இறங்கிப் போயிற்று. கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. நான் மூச்சை எண்ண மறந்திருந்தேன். இமை துடிக்கவில்லை. எனக்குள் வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சற்றே உட்கார்ந்ததுபோல் இருந்தது. எதற்கென்று தெரியாமல் கண்ணில் நீர் வந்தது. உடனே கிளியும் வந்தது.

பரணிலிருந்து பார்த்தால் கீழே என் வீடு தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் அத்தாயியின் தம்பி மாணிக்கத்தின் வீடு. ஏழாம் நாள் அத்தாயி என் வீட்டுச் சுவருக்குச் செம்மண் பூசிக்கொண்டிருந்தாள். ஏன் என்று நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. சாயங்காலம் கேட்டேன். "புரட்டாசிச் சனிங்க" என்றாள். சரிதான். எட்டாம் நாள் பாப்பாயி தலைக்குக் குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் மாணிக்கம் என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் ஆறு முறை நடந்தான். பத்தாம் நாள் வழக்கமாக ஒற்றைக் கோடாக எழும் அடுப்புப் புகை இரண்டு கோடாக எழுந்தது.

பழைய ஆளாக இருந்தால் பரண் கால் ஒடியும் அளவுக்குக் குதித்திருப்பேன். நான் இப்போது புதிய ஆள். இது என் கவலை இல்லை என்று சொல்லிவிட்டு மூச்சை எண்ணினேன். வாழ்நாளெல்லாம் தேவையில்லாமல் கவலைப்பட்டவன் நான். ஒரே ஒரு முறை கவலைப்பட்டிருக்க வேண்டிய நாட்கள் அவை. அப்போதுதான் வைத்தியம் பலித்தது.

பதினோராம் நாள், வெயில் ஏறியதும், காட்டோரப் பாதையில் ஐந்து பேர் வந்தார்கள். மூன்று ஆண், இரண்டு பெண். ஒரு பெண்ணின் கையில் துணி மூடிய தட்டு. முன்னால் வந்த பெரியவர் என் பரணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, மாணிக்கம் ஊட்டுக்கு எப்படிங்க போறது?"

வழி சொன்னேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றேன். திண்ணனூர் நாடு என்றார். பேர் செங்கோடன், பையனுக்குப் பெரியப்பன். பெண்களே பேசி முடித்துவிட்டார்களாம், இன்றைக்கு வெற்றிலை மாற்றுகிறார்களாம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாணிக்கத்துக்கு ருக்குமணி என்று ஒரு பெண் உண்டு. அவளுக்கு மாப்பிள்ளை வந்தாயிற்று. அக்காள் புருஷன் நான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்த்தீர்களா? சாயங்காலம் இறங்கியதும் மாணிக்கத்திடம் முறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணோட அப்பனை நாங்க இன்னும் பாக்கலீங்க. ஆளு எப்படி?"

சொந்த மைத்துனனாக இருந்தாலும் நான் உண்மை பேசுகிறவன்.

"நல்லவன்தானுங்க. ஆனா ஒரு காரியத்தையும் முடிக்க மாட்டான். வாயால மலையைப் பேர்ப்பான், கையால ஒரு கல்லை நகத்த மாட்டான். பொண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான்."

"பொண்ணுங்க?"

"பொண்ணு தங்கமுங்க. நல்லவேளையா அம்மாளைக் கொண்டு பொறந்தவ."

பெரியவர் சிரித்தார். அது போதுமுங்க என்று சொல்லிவிட்டு நடந்தார். நல்லபடியாக நடக்கட்டும் என்று மேலேயிருந்து கையெடுத்து வாழ்த்தினேன்.

ஐந்து பேரும் மாணிக்கத்தின் வாசலில் நுழைவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மாணிக்கம் அவர்களை அழைத்துக்கொண்டு வேலி இடைவெளி வழியாக என் வாசலுக்கு வந்தான். அவன் வாசல் குறுகல். என் வாசல் விசாலம். அத்தாயி இடம் கொடுத்திருக்கிறாள். தாராள மனது. செம்மண் பூசியதும் அதற்குத்தான் போலும். எல்லாம் கணக்காகப் பொருந்தி வந்ததில் எனக்கு என் புத்தியின் மேலேயே ஒரு மரியாதை ஏற்பட்டது. கீழே குலவைச் சத்தம் எழுந்தபோது, வாழ்த்தாக இருக்கட்டும் என்று நானும் தகரத்தை எடுத்து மூன்று தட்டுத் தட்டினேன்.

பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனேன். வந்தவர்கள் போய்விட்டார்கள். பாயசம் மணந்தது. மாணிக்கம் வாசலில் உட்கார்ந்து வாய் சிவக்க வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நான் தயாராக வைத்திருந்த முறைப்பை எடுத்தேன்.

"ஏன் மாப்ளே, பொண்ணுக்கு வெத்தலை மாத்தறே. மூத்தவன் ஒருத்தன் இருக்கறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாணிக்கம் மெல்லுவதை நிறுத்தினான். தன் அக்காளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"மாத்துனது பாப்பாயிக்குங்க, மாமா."

நான் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்கார எதுவும் இல்லை, தரையில்தான் உட்கார்ந்தேன்.

அத்தாயி ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சோறு வெந்த பக்குவத்தைச் சொல்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். பையன் பேர் அண்ணாமலை. பாப்பாயி அவனைச் சந்தையில் பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறது. வருகிறவர்கள் முதலில் தாய்மாமன் வீட்டில் இறங்குவதுதான் முறை. தை மாதம் கல்யாணம்.

"அப்பன் இல்லாம வெத்தலை மாத்தறதா?"

"காவல்ல இருக்கறவங்களைக் கூப்பிடக் கூடாதுங்களே. தாய்மாமன் கை போதும்னு வழக்கம். ஊருக்கே தெரியும், நீங்க அறுப்பு வரைக்கும் எறங்க மாட்டீங்கன்னு."

"கேட்டா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"வேண்டாம்னும் சொல்ல மாட்டீங்க, வேணும்னும் சொல்ல மாட்டீங்க. வெத்தலை உங்க கையில வாடியே போயிருக்குமுங்க."

லோட்டாவை எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"வந்த பெரியவருக்குத்தான் ரொம்பத் திருப்தி. வழியில ஒரு பரண்காரரு பொண்ணோட அப்பனைப் பத்திச் சொன்னாராமா. பொண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்டாதவருன்னு. அப்படியாப்பட்ட ஊட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்னு அப்பவே தட்டைக் குடுத்துட்டாரு."

"வாயால மலையைப் பேர்ப்பாருன்னும் சொன்னாராமா" என்றான் மாணிக்கம், எங்கேயோ பார்த்தபடி.

அப்போது பாப்பாயி உள்ளேயிருந்து பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். தலையில் பூ. ஒரு வருஷமாக அந்தப் பெண் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே. இன்று நிமிர்ந்து பார்த்தாள். "குடிங்கப்பா" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கோபப்பட ஓர் இடமும் மிஞ்சவில்லை. பாயசத்தைக் குடித்தேன். இனித்தது. பாதி டம்ளர் குடித்ததும் நெஞ்சு திடுக்கென்றது.

"அக்கா" என்றேன்.

"ஆமாங்க" என்றாள் அத்தாயி. "அவங்களுக்கு நீங்கதான் போய்ச் சொல்லோணும். கூடப் பொறந்தவங்க நீங்க. நாளைக்குப் பரணுக்குப் பாப்பாயி போவா."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி அத்தாயி வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கட்டிக் கொடுத்திருந்தாள். தேவனூர் நாட்டுக்கு ஏறி இறங்கி அரைநாள் நடை. வழியெல்லாம் பேசிப் பார்த்தேன். ஒரு பாறையிடம் பணிவாகச் சொன்னேன். ஒரு பலாமரத்திடம் அழுதேன். ஓடையைத் தாண்டும்போது கொஞ்சம் அதட்டலாகவும் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை உட்கார்ந்து திரும்பிவிட்ட பாறை வந்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று தெரியும். பதினோரு நாள் சேர்த்த நிம்மதி முழுவதும் அந்த ஏற்றத்தில் வேர்வையாக வழிந்து போயிற்று. இமை மறுபடியும் துடித்தது. என்னை இடுப்பில் சுமந்தவளிடம், உன் மகனுக்கு என் மகள் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அவள் அழமாட்டாள். அதுதான் பயம். சரி தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பாதையில் புல் முளைத்துவிடும்.

அக்கா, வீட்டுக்கு முன்னால் இருந்த பாறையில் கேழ்வரகு காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சாய்ந்த நடை. என்னைப் பார்த்ததும், "வா சாமி, வெய்யில்ல வந்திருக்கறயே" என்றாள்.

சாமி என்றதும் எனக்குத் தாளவில்லை. பாறையிடமும் மரத்திடமும் பழகியதெல்லாம் மறந்துபோய், வந்த வேகத்தில் நின்றபடியே கொட்டிவிட்டேன். பாப்பாயிக்குத் திண்ணனூர் நாட்டில் வெற்றிலை மாற்றியாயிற்று, என்னைக் கேட்காமலே மாற்றியாயிற்று, தப்பு என்னுடையதுதான், போன வருஷமே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை.

அக்கா கேழ்வரகைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந் தெரியும். அத்தாயி ஆடியிலயே வந்து பேசீட்டுப் போனா."

ஆடியில் அத்தாயி இங்கே வந்தது எனக்கும் தெரியும். பலாக்கொட்டை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள். போன இடத்தில் எதையாவது சொல்லிவிடுவாளோ என்று அன்று முழுக்க நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. நங்கையா சவுக்கியமுங்க என்று மட்டும் சொன்னாள்; நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அக்கா நிழலில் வந்து உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். சித்திரை மாதத்திலேயே சின்னராசு அவளிடம் சொல்லிவிட்டானாம், நம் ஊரிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன், மாமன் மகள் வேண்டாம் என்று. தம்பியிடம் தானே வாய்விட்டுப் பெண் கேட்டுவிட்டு இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. இமைகூடத் துடித்ததாம், இடது கண். நான் சீம்பால் தின்ன வந்தபோதும், கூரை சரிசெய்ய வந்தபோதும் சொல்லிவிடத்தான் நினைத்தாளாம். என் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லையாம். ஆடியில் அத்தாயி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து, பால் காய்வதற்குள் எல்லாவற்றையும் அவள் வாயிலிருந்து வாங்கிவிட்டாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டதாம்.

நான் யாரை நினைத்து ஒரு வருஷமாகத் தூங்காமல் கிடந்தேனோ, அவள் என்னை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறாள். நடுவில் ஒரு மலை இருந்தது, அவ்வளவுதான். அதை ஏறி இறங்க அத்தாயிக்கு ஒரு கூடை பலாக்கொட்டை போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆடி, ஆவணி, புரட்டாசி என்று விரல் விட்டு எண்ணினேன்.

"ஆடியிலயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னக்கா? இத்தனை நாளு செத்துப் பொழைச்சிருக்கறேன்."

"நானும் அதத்தாஞ் சொன்னேன், தம்பீட்டச் சொல்லீரலாம்னு. அவதான் வேண்டாம்னுட்டா."

"ஏனாம்?"

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"'இருந்துட்டுப் போகுட்டும் நங்கையா'ன்னா. 'இதை எடுத்துப்போட்டா அவரு புதுசா வேற கவலை தேடிப் போயிருவாரு. இது ஊட்டோட பழகுனது, கடிக்காது'ன்னா."